உங்கள் துவக்கும் தம்பியின் பொய்யும்

கோபத்தோடும், அதைவிடக் கூடின அன்போடும் என் ஐயாவுக்கு,

போன இடத்திலாவது யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் இருக்கிறீர்களா? இங்கே உங்கள் பிள்ளைகள் நாங்கள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அதுவும் உங்கள் துவக்குக்கு! மன்னாரில் வயலுக்குள் வெடி வைத்துப் பன்றி விரட்டின அந்தப் பழைய இரட்டைக் குழல் துவக்கு, டென்மார்க் வரைக்கும் எங்களைத் துரத்திக்கொண்டு வந்துவிட்டது.

நான் ஹேர்னிங்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். போன கிழமை எங்கள் மெக்கானிக் யென்ஸ் எல்லோருக்கும் கேக் கொண்டுவந்தான். இங்கே நல்லது நடந்தவர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்க வேண்டும். என்ன விசேஷம் என்று கேட்டேன். வேட்டையாடும் உரிமை திரும்பக் கிடைத்துவிட்டதாம். குடித்துவிட்டு வேட்டைக்குப் போய்ப் பக்கத்துக் காணிக்காரரின் நாயைச் சுட்டதற்காக நீதிமன்றம் பறித்து வைத்திருந்த உரிமை.

கிடைத்த பிறகும் மனுஷனுக்குப் புறுபுறுப்பு அடங்கவில்லை. புதிதாகப் பரீட்சை எழுத வேண்டுமாம். துவக்கை வீட்டில் கண்டபடி போட்டு வைக்கக் கூடாதாம். களவு போனால் உடனே பொலிசுக்குப் போய்ச் சொல்ல வேண்டுமாம். இதெல்லாம் ஒரு உரிமையா என்று என்னிடமே கேட்கிறான். பொலிசுக்குப் போய்ச் சொல்வதை வெறும் அலுப்புப் பிடித்த வேலையாக நினைக்கிறவனைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது.

உங்களிடமும் ஒருமுறை பறித்தார்கள்தானே. நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்த நேரம், உங்கள் தம்பி, எங்கள் குஞ்சியப்பு, கேட்காமல் துவக்கை எடுத்துக்கொண்டு மான் சுடப் போய்ப் பொலிசில் பிடிபட்டார். போனது அவர், லைசென்ஸை இழந்தது நீங்கள். உங்கள் பெயரில் உள்ள துவக்கு இன்னொருவர் கைக்குப் போனால் அது உங்கள் பிழைதான் என்று நீதவான் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த போகங்களில் நாங்கள் தகரம் தட்டித் தொண்டை கிழியக் கத்தினோம். பன்றிகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நீங்கள் விடவில்லை. வழக்குப் பேசி, அலைந்து, கெஞ்சி, சண்டை பிடித்து, கடைசியில் உரிமையைத் திரும்ப எடுத்தீர்கள். மாவட்ட நிர்வாகம் பார்க்கும் அரசாங்க அதிபரின் அலுவலகம் அதை ஒரு கட்டு நிபந்தனைகளோடு தந்தது. உங்கள் வயலுக்குள் மட்டும் சுடலாம். கூடப் பிறந்தவனுக்கும் கொடுக்கக் கூடாது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். காணாமல் போனால் நீங்களே நேரில் போய் அறிவிக்க வேண்டும். தவறினால் ஆயுளுக்கும் லைசென்ஸ் இல்லை. அந்தக் காலத்தில் செபமாலை முடிந்ததும் எங்களை எழும்ப விடமாட்டீர்கள். ஞானோபதேச வகுப்பு மாதிரிக் கேள்வி தொடங்கும்.

"துவக்கு ஆரின்ர பேரில?"

"உங்கட பேரில, ஐயா."

"ஆர் தொடலாம்?"

"நீங்கள் மட்டும்."

"காணாமல் போனால்?"

"உடன பொலிசுக்குச் சொல்லோணும்!" என்று தம்பி அன்ரன்தான் முந்திக்கொண்டு கத்துவான். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்விடுவா.

பிறகு ஒரு பின்னேரம் இயக்கப் பெடியள் வந்தார்கள். "குறை நினைக்காதேங்கோ ஐயா, எங்களுக்கு இது தேவைப்படுது" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆயுதம் வைத்திருக்கிறவன் கேட்கிற மரியாதை. கொடுத்தீர்கள். வேறு என்ன செய்திருக்க முடியும்?

அடுத்த நாள் காலையில் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு பொலிசுக்கு வெளிக்கிட்டீர்கள். ஊரே மறித்தது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"உங்களுக்கென்ன விசரே? இந்த நேரத்தில ஆரும் அங்க போவினமே? பேசாமல் இருங்கோ!"

"எப்பிடியடி பேசாமல் இருக்கிறது? ஒருக்காப் பறிச்சவங்கள். திருப்பித் தரேக்க என்ன சொல்லித் தந்தவங்கள்?"

அன்ரன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "நானும் வாறன் ஐயா" என்றான். "லைசென்ஸ் என்ர பேரில. நான் தனியத்தான் போகோணும்" என்று அவனை முற்றத்திலேயே நிறுத்தினீர்கள்.

என்ன மனுஷன் ஐயா நீங்கள்! நாடு பற்றி எரிகிறது, நீங்கள் நிபந்தனை பார்க்கிறீர்கள். அந்த நிபந்தனைகளை எழுதினவர்களே அவற்றை மறந்துபோய்விட்டார்கள். பெடியளுக்குத் துவக்குக் கொடுத்தவன் என்று உங்களை உள்ளே வைத்தார்கள். உங்கள் உடலைத் தரும்போதும் அம்மாவிடம் துவக்கு எங்கே என்றுதான் கேட்டார்கள்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். அன்ரன் இங்கே வந்துவிட்டான். கோல்டிங்கில் அகதி முகாமில் இருக்கிறான். அவன் வந்த உடனே நடந்த விசாரணையில், வீட்டில் ஆயுதம் இருந்ததா என்று டெனிஷ் பொலிஸ் அதிகாரி கேட்டிருக்கிறார். உங்கள் மகன் சொன்ன பதில் என்ன தெரியுமா? "எங்கட வீட்டில துவக்கு இருக்கவே இல்லை."

நான் அவனுக்கு முன்னமே வந்தவள். என் விசாரணையில் துவக்கு, லைசென்ஸ், நீங்கள் போனது, உடல் வந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள். ஒருத்தி இருந்தது என்கிறாள், மற்றவன் இல்லை என்கிறான். இவன் சொல்லும் எதையும் நம்ப முடியாது என்று அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பினால் எங்கே போவான்? நீங்கள் போன அந்த வாசலுக்கா?

அவனுக்குக் கிடைத்த வழக்கறிஞர் நல்ல மனுஷி. லைசென்ஸோடு துவக்கு வைத்திருந்தது ஒரு குற்றமே இல்லை, பயத்தில்தான் மறைத்தேன் என்று அவனே தன் வாயால் சொன்னால் நம்ப இடமுண்டு என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கோல்டிங் போனேன். கண்டவுடன் வாயில் வந்தபடி ஏசினேன்.

"மொக்கா! கேட்டவங்களுக்கு உள்ளதைச் சொன்னால் உனக்கு என்ன குறைஞ்சு போகும்?"

அவன் கட்டில் விளிம்பில் இருந்தபடி நிலத்தைப் பார்த்தான். "அக்கா, ஐயாவும் பொலிசுக்குப் போய் உள்ளதைத்தானே சொன்னவர்?"

நான் என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்கள். இந்த நாட்டுப் பொலிஸ் வேறு என்று சொன்னேன். யென்ஸைப் பற்றிச் சொன்னேன், அவனுக்குப் பறித்ததையும் திருப்பித் தந்ததையும், அவன் புறுபுறுத்துக்கொண்டு கேக் தந்ததையும். "அவன் டெனிஷ்காரன் அக்கா. நாங்கள் ஆர்?" என்றான்.

ஆனால் ஒன்று மட்டும் பொறுக்க முடியவில்லை, ஐயா. துவக்கு இருக்கவே இல்லை என்றால் நீங்கள் எதற்காக வெளிக்கிட்டீர்கள்? எதற்காகச் செத்தீர்கள்? அந்த ஒரு பொய்யில் நீங்களும் இல்லாமல் போய்விடுகிறீர்கள். அதை அவனிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனும் அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"சரி, சொல்லுறன். ஆனால் நீ விசாரணை அறைக்கு வெளியில நிண்டால் எனக்கு வாய் வராது, அக்கா."

வருகிற மாதம் மேல்முறையீடு. என்னையும் சாட்சியாகக் கூப்பிட வழக்கறிஞர் ஒழுங்கு செய்துவிட்டார். நம்புவார்களா? தெரியாது. உங்கள் மேல் எனக்குள்ள கோபம் ஆறுமா? அதுவும் தெரியாது. உண்மை சொன்னவரைப் பறிகொடுத்த வீட்டில், அதே உண்மையைச் சொல்லு என்று தம்பியைத் தள்ளிவிடுகிறேனே என்று பயமாக இருக்கிறது.

ஒரு சத்தியம் மட்டும் செய்து தருகிறேன், ஐயா. அந்தக் கதவுக்குள் அவனைத் தனிய விடமாட்டேன். துவக்கை யார் தந்தது, யார் பறித்தது, யார் திருப்பித் தந்தது, யார் கொண்டுபோனது என்று அவனுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொல்லுவேன். முடிந்ததும் கதவைத் திறந்து, அவனை முன்னால் விட்டு, அவனுக்குப் பின்னால்தான் நான் வெளியே வருவேன்.

நீங்கள் கூட வரவிடாத பிள்ளைகளில் மூத்தவள்,
யசிந்தா