நீ பாதியில் விட்ட அடிக்குரல்

அன்பு மச்சான் டேவிட்டு,

பாட்டுப் புத்தகம் வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பதறிக்கொண்டிருப்பாய். நேற்று விழுப்புரம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த பூசணிக்காயும் மல்லாட்டை மூட்டையும் ஏலம் போவதற்கு முன்னால் போதகர் புத்தகத்தை வெளியிட்டார். உன் அக்கா கைக்கு வந்த பிரதியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு யாருக்கும் காட்டவில்லை.

நீ போன பிறகு, புத்தகம் வராமலே நின்றுவிடுமோ என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம். சபைப் பாட்டுகளையெல்லாம் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தாய். ஓடவிட்டால் கோடு போட்ட இசைக்குறிப்பாக வரும் என்பாய். அதிலும் பாட்டுக்கொரு பெட்டி, குரலுக்கொரு ஃபைல், வரிகளுக்குத் தனி ஃபைல். தாள் அளவும் எழுத்து அளவும் வேறொரு இடத்தில். எல்லாவற்றையும் வரிசையாகக் கூப்பிட ஒரு தலைமை ஃபைல்.

"ஒண்ணா கட்டி வெச்சா என்னாடா? தேடிக்கினு கெடக்கணுமா?" என்று திண்டிவனத்தில் நம் வேர்க்கடலை மண்டியில் வைத்துக் கேட்டேன்.

"ஊரூரா வர்ற மல்லாட்டைய நீங்க ஒரே குவியலா கொட்டுவீங்களா மாமா? ஒரு மூட்டை ஈரமா இருந்தா எதுன்னு தேடுவீங்க?"

வியாபாரிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

உன் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடும் மெர்சி டீச்சர்தான் ஓடவிட்டுப் பார்த்தாள். பிழை என்று நின்றுவிட்டது. ஒரு பக்கம்கூட வரவில்லை. "பேஜாரா போச்சு, பழைய புக்கையே ஜெராக்ஸ் போட்டுடலாம்" என்றார் பொருளாளர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெர்சி விடவில்லை. பாட்டுகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு ஓட்டினாள். ஈரம் ஒன்றே ஒன்றில்தான். கடைசிப் பாட்டு, நீயே மெட்டுப் போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமலே போனாயே, அன்று அடித்துக்கொண்டிருந்தது. அதில் பேஸ் என்கிற அடிக்குரல் பாதியில் நிற்கிறது, அடைப்புக்குறிகூட மூடாமல்.

"குறிய மூடிட்டேண்ணே. மீதி பேஸ் எங்கியும் இல்ல. அந்தக் குரலுக்கு நீங்க ஒருத்தர்தானே? பாடுங்க, அடிக்கிறேன்."

பாடினேன். "மத்த குரலோட இடிக்குதேண்ணே" என்றாள்.

இடிக்காதா பின்னே? அந்த இடத்தில் நான் எப்போதும் கீழே இறங்கிவிடுகிறவன். கீபோர்டை நிறுத்திவிட்டு, "எறங்காதீங்க மாமா, அங்கியே நில்லுங்க!" என்று எத்தனை ஞாயிறு கத்தியிருப்பாய்! அந்தக் கத்தல் காதில் அப்படியே இருந்தது. நின்றேன். நீ அதட்டிய இடங்களையெல்லாம் நினைத்து நினைத்து, முதல் தடவையாகச் சரியாகப் பாடி முடித்தேன். மெர்சி அடித்தாள். புத்தகம் முழுசாக ஓடி வந்தது.

எழுத்து பொடிசு என்றார்கள் பெரியவர்கள். ஒரே இடத்தில் ஒரு எண்ணை மாற்றினாள், எல்லாப் பாட்டும் பெரிதாகிவிட்டது. "இம்மாம் ஜல்தியாவா?" என்று வாயைப் பிளந்தார் அதே பொருளாளர். நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தாயோ?

நேற்று ஆராதனை அந்தப் பாட்டோடுதான் முடிந்தது. உட்கார்ந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது, மச்சான். இனி நீ கத்த வேண்டாம். அந்த இடம் வரும்போதெல்லாம் இறங்க மாட்டேன். அங்கேயே நிற்பேன்.

உன் அக்கா புருஷன்,
மண்டிக்கார மாமா