ஒன்பதாவது கட்டம்

ஸ்பிரிங்வெளி,
19.10.1986, ஞாயிறு.

அன்பு மகன் தேவதாசனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் தங்கச்சி பவுலினாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அபுதாபியில் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறோம். பவுலினா வீட்டில்தான் இருக்கிறாள், இதை எழுதும்போது அவள் அடுப்படியில் அம்மாவோடு பேசுவது எனக்குக் கேட்கிறது. இந்த வரியை இரண்டு தடவை வாசித்துக்கொண்டு பிறகு கீழே போ, அப்போதுதான் மற்றதை நிதானமாக வாசிப்பாய். டிசம்பர் லீவில் வரலாமா, டிக்கட்டை உறுதிப்படுத்தட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன், எப்படித் தொடங்கினாலும் தவறாகவே படுகிறது. நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை. பண்டாரவளை ரேடியோக் கடை ஷுக்ரியின் மாமா வருகிற வாரம் அபுதாபிக்கு வருகிறார், அவர் உன் கையிலேயே தருவார்.

நீ கசெட்டில் பேசி அனுப்பிய கிட்டார் பாடத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. புளூஸ் என்கிற மேல்நாட்டுப் பாட்டுக்குக் கம்பியில் விரல் வைக்க மூன்றே பிடிதான், பன்னிரண்டு கட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும், ஆர்மோனியம் தெரிந்த அப்பாவுக்கு ஒரு கிழமை, ஏழே நாள் போதும் என்று சொல்லியிருந்தாய். எனக்கு மூன்று மாதம் ஆகியும் கை வரவில்லை. ஒன்றாவது பிடியும் நாலாவதும் எப்படியோ அமைந்துவிட்டன, ஐந்தாவது பிடிக்குச் சுண்டுவிரல் லேசில் எட்டுவதில்லை, கம்பி அழுத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. அந்தக் கையால ஜெபமாலையப் பிடிச்சா மோட்சத்துக்காவது வழி கிடைக்கும் என்று உன் அம்மா பிரான்சிஸ்கா கேலி பண்ணுகிறாள். விரலைவிட எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது ஒன்பதாவது கட்டம். கோவில் பாட்டுகளில் நாலுக்குப் போய், ஐந்துக்கு ஏறி, அங்கிருந்து ஒன்றுக்கு வந்து சேருவோம். நீயோ ஒன்பதில் ஐந்து, பத்தில் நாலு என்று திருப்பிச் சொல்லியிருந்தாய். இத்தனை வருடம் ஆர்மோனியம் வாசித்தவனுக்கு அது படிக்கட்டில் முதுகுப் பக்கமாக இறங்குவது போல இருந்தது. நீ பேசும்போது மாறிச் சொல்லிவிட்டாயோ, இல்லை எனக்குத்தான் விளங்கவில்லையோ என்று நிச்சயமில்லாமல், ஷுக்ரியிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவன் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிக்கிறவன் அல்லவா. ஒரு தாளில் ரூலர் வைத்துப் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் அதன் பிடி எண்ணை எழுதி, ஒன்பதிலும் பத்திலும் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டு, பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் புறப்பட்ட பவுலினாவிடம், ஷுக்ரிக்குக் கொடுக்கச் சொல்லி, அவள் பைக்குள் வைத்துவிட்டேன். தலைப்பு எழுதாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு கண்டித்திருக்கிறேன், அந்தத் தாளுக்கு நான் தலைப்பு எழுதவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை ஹாலிஎலைக்குக் கிட்டப் பொலிஸார் பஸ்ஸை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். அதே பஸ்ஸில் சந்தைக்குப் போன நம் தோட்டத்து இராக்கம்மா பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து, மூச்சு வாங்க வாசலில் நின்றாள். "மாஸ்டர் ஐயா, பாப்பாவ எறக்கிட்டாங்க. பையில ஏதோ நம்பர் போட்ட கடுதாசி இருந்துச்சாம், அத வச்சுக்கிட்டு ஜீப்புல ஏத்திட்டாங்க" என்றாள். அம்மா அழுதுகொண்டு என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அந்தத் தாள் பாட்டுத்தான் என்று காட்ட வேறு வழி தெரியாமல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். உறைக்குள் இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்னவாகத் தெரியுமோ என்று பயந்து, உறையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, மழைத் தூறலில் அதைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு நான் நனைந்துகொண்டே போனேன். பஸ்ஸில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பொலிஸில் என் தாள் மேசைமேல் விரித்திருந்தது. பவுலினா சுவரோரம் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் எனக்குச் சொன்னார். எனக்கும் சிங்களம் தெரியும், அன்றைக்கு ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. "மாஸ்டர், இந்த நம்பரெல்லாம் என்ன? எந்த எடம், எத்தன பேரு?" என்றார். பாட்டு ஐயா, என்றேன். "எழுத்தே இல்லாத பாட்டா? எங்க, வாசிங்க" என்றார். முதலில் ஒன்று, நாலு, ஐந்து என்று மூன்று பிடிகளையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து என் விரல்களைக் குனிந்து பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். பிறகு அவர் பென்சிலை முதல் கட்டத்தில் வைத்தார், நான் வாசிக்க வாசிக்கப் பென்சில் கட்டம் கட்டமாக நகர்ந்தது. எட்டு வரைக்கும் சரியாக வந்தது. ஒன்பதில் என் கை தானாக நாலுக்குப் போய்விட்டது, பத்தில் ஐந்து. பென்சில் நின்றுவிட்டது. நான் அதைப் பார்த்தும் நிறுத்தாமல் பயத்தில் கடைசிவரை வாசித்து, கோவிலில் செய்கிற மாதிரி முடிவில் ஓர் ஆமெனையும் சேர்த்துவிட்டேன். பொலிஸ்காரர் சிரித்தார். "இது கோயில் பாட்டா, ஹோட்டல் பாட்டா மாஸ்டர்? பேப்பர்ல அஞ்சுன்னு இருக்கு, நீங்க நாலு வாசிக்கிறீங்க. கடைசில வாசிச்சதுக்குக் கட்டமே இல்ல. வீட்ல யோசிச்சு வந்த கதையா இது?" என்றார். இன்ஸ்பெக்டர் பவுலினாவை எழுந்து நிற்கச் சொல்லி, ஜீப்பை எடுக்கச் சொன்னார், பதுளைச் சிறைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று விளங்கிவிட்டது.

அப்போது பவுலினா என்னைப் பார்த்து, "அப்பா, அண்ணன் சொன்ன மாதிரியே வாசிங்க. அது சரியா தப்பான்னு நீங்க பாக்க வேணாம். தாள்ல இருக்கிறத வாசிங்க" என்றாள். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் நான் பேசுவது போலப் பேசினாள். இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கும்பிட்டேன், இன்ஸ்பெக்டர் மறுபடி பென்சிலை எடுத்தார். ஒன்பதில் ஐந்தைப் பிடித்தேன், சுண்டுவிரல் இந்தத் தடவை எப்படி அவ்வளவு லேசாக எட்டியதோ தெரியாது. பத்தில் நாலுக்கு இறங்கினேன். நீ சொன்னதுதான் சரி மகனே, அங்கே அது இறங்கத்தான் வேண்டும், களைத்த ஆள் சுமையை இறக்கி வைப்பது போல இருந்தது, அதை விளங்கிக்கொள்ள எனக்கு அந்த இடமா கிடைக்க வேண்டும். பன்னிரண்டாவது கட்டத்து ஐந்து மறுபடி முதலுக்கே தள்ளிவிடுகிறது, ஆமென் போட வழியில்லை, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் திரும்பவும் ஆரம்பித்தேன். பென்சிலும் கூடவே வந்தது. போதும் என்று அவர் சொல்லும்வரை வாசித்துக்கொண்டே இருந்தேன்.

தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்க வேண்டும். யார் சொல்லிக்கொடுத்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். பயம் தெளிந்த சந்தோஷத்தில், என் மகன் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும் இடாப்பைப் பார்த்துச் சொல்கிறவன் மாதிரி உன் முழுப் பெயர், பிறந்த தேதி, வேலை செய்யும் ஹோட்டல், எல்லாம் சொன்னேன். கேட்காமலே டிசம்பரில் வருகிறான் என்றும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து எழுதினார். "வந்ததும் கூட்டிட்டு வாங்க மாஸ்டர், அவரோடயும் கொஞ்சம் பேசணும்" என்றார் பொலிஸ்காரர். சரிங்க ஐயா என்று நான் தலையாட்டினேன். பவுலினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தோட்டத்துக் கீழ்ப் பிரிவு கருப்பம்மாவின் மகனையும் கொஞ்சம் பேச வேண்டும் என்றுதான் சித்திரையில் கூப்பிட்டார்கள். அவள் இன்றைக்கும் சோறு கட்டிக்கொண்டு பதுளைக்குப் போய் வருகிறாள், சில நாள் உள்ளே வாங்கிக்கொள்கிறார்களாம், சில நாள் இல்லையாம்.

ஆகையால் மகனே, டிசம்பரில் நீ வரவேண்டாம். நான் வீணாகப் பயப்படுகிறேனோ என்றும் யோசித்துப் பார்த்தேன், ஒருவேளை அவர்கள் பேசிவிட்டு அனுப்பிவிடக்கூடும். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். உன் பெயரை அங்கே கொடுத்தேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் பவுலினாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ தபாலில் அவள் பெயருக்கே ஒரு கடிதம் போடு, ஹோட்டலில் லீவு தரவில்லை என்று எழுது. அவள் உன்னோடுதான் கோபித்துக்கொள்வாள், வேலைதான் பெரிசு என்று ஒரு மாதமாவது உன்னைத் திட்டுவாள். அதை எனக்காக வாங்கிக்கொள். உனக்கு ஒருநாளும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவனில்லை, இப்போது கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள், ஞாயிறு பூசை அங்கே கிடைத்தால் தவறவிடாதே. தபாலில் வரும் கடிதத்தில் எண்கள், கட்டங்கள் எதுவும் வேண்டாம், கசெட்டும் அனுப்பாதே. பவுலினா நாளை திரும்ப வேலைக்குப் போகிறாள், நிறுத்திப் பார்த்தேன், கேட்கவில்லை, நானும் அவளோடு பஸ்ஸில் போய் வரப்போகிறேன். ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், மாதா உனக்குத் துணை நிற்கட்டும். வாசித்து முடித்ததும் இதைக் கிழித்துவிட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அன்புத் தகப்பன்,
ச. யேசுரத்தினம்.