அண்டை நாட்டுப் பெண்ணுக்கு நாம் போட்ட வாக்கு

என் அருமை அத்தானுக்கு,

திங்கட்கிழமை காலை திருச்சி நீதிமன்றத்தில் உங்களைக் கொன்ற வழக்கில் நான் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையிலும் ஒரு நகல் ஒட்டுவேன். எல்லோரும் படித்துவிட்டால் என்னால் பின்வாங்க முடியாதல்லவா?

வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். அன்று ஞாயிறு மதியம். நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றைக் குடியிருப்பின் கூடத்தில் பெரிய டிவியில் போட்டார்கள். தன் நாட்டுக்குத் தானே வாக்களிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே எல்லோரும் புள்ளிப் பட்டியலில் கடைசியில் நிற்கும் நாட்டுக்கே போடுவது, முதலிடத்துக்கு நம்மோடு மோதும் அண்டை நாட்டுப் பெண்ணுக்கு ஒரு வாக்கும் போகக் கூடாது என்று கூடத்தில் முடிவானது.

அவள் பாடியபோது நீங்கள் முழங்காலில் தாளம் போட்டீர்கள். செல்போனை எடுத்து அவளுக்கு வாக்களித்தீர்கள். சற்று யோசித்துவிட்டு நானும் அவளுக்கே போட்டேன். என் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள்.

இந்தியப் பார்வையாளர்கள் அதிகப் புள்ளி கொடுத்தது அவளுக்குத்தான் என்று அறிவித்தார்கள். அவள் ஜெயித்தாள், நாம் இரண்டாம் இடம். “எவன் போட்டான்?” என்று ஒருவன் எழுந்தான். மூன்றாம் மாடிக்காரன். அவன் பெயரை இங்கே எழுதவில்லை.

“நான்தாம்ப்பா. நல்லாப் பாடுச்சு, போட்டேன்,” என்றீர்கள்.

“இந்த நாட்டுச் சோத்தைத் தின்னுட்டு அவங்களுக்கா போடுவே?”

“பாட்டுப் போட்டியில சோத்தை ஏன்யா இழுக்கிறே? பசிச்சா வா, வீட்ல போடச் சொல்றேன்.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வெறியேற்றியது. என் பக்கம் திரும்பினான்.

“சார், நீங்க யாருக்குப் போட்டீங்க?”

“கடைசி நாட்டுக்கு,” என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் அத்தான்?

அவன் இரும்பு மடக்கு நாற்காலியை ஓங்கினான். முதல் அடி கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விழுந்தது. முழங்காலிட்டுச் சரிந்தீர்கள். இரண்டாவது, நாற்காலியின் விளிம்பால், தலையில். தேங்காய் உடைவது போன்ற சத்தம். டிவியில் அந்தப் பெண் பரிசு வாங்கிக்கொண்டு மறுபடி பாடினாள். நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். உங்கள் ரத்தம் ஓடிவந்து என் செருப்பைத் தொட்டபோது காலை இழுத்துக்கொண்டேன்.

போலீசிடம் எல்லோரும் தவறி விழுந்தார் என்றார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை என்று நான் சொன்னேன். கல்லூரி ஆய்வகத்தில் ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுக்கச் சொல்லி முப்பது வருடம் பாடம் நடத்தியவன்.

நாற்காலியில் அவன் கைரேகை கிடைத்து போலீஸ் அவனைப் பிடித்தும், ஜாமீனில் வந்துவிட்டான். லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தினான். “சார், உங்க அக்கா தினம் அம்மா மண்டபம் படித்துறைக்குத் தனியா குளிக்கப் போறாங்க. படியெல்லாம் பாசி. பாத்துப் போகச் சொல்லுங்க.”

அவன் மண்டையை அந்த இரும்புக் கதவில் மோதி உடைப்பதுபோல் ஒரு கணம் மனதில் கண்டேன். “சரிங்க,” என்றேன்.

போன வாரம் அரசு வக்கீல் எங்கள் இருவருக்கும் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்துக் காட்டினார். வீடு திரும்பியதும் அக்கா கேட்டாள், “ரெண்டு காயம்னு எழுதியிருக்கு. அவரு ரெண்டு தடவை தவறி விழுந்தாராடா?”

எல்லாவற்றையும் சொன்னேன், காலை இழுத்துக்கொண்டதையும் மிரட்டலையும் சேர்த்து. அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். எழுபத்தைந்து வயதுக் கை. காது இன்னும் இரைகிறது.

“நான் வீட்டுக் குழாயிலயே குளிச்சுக்கிறேன். நீ போய் வாயைத் திற.”

எனக்கு என்மேல் நம்பிக்கை குறைவு, அத்தான். அவன் சட்டை நீலமா பச்சையா என்று கேட்டால் தெரியாது. அவன் ஆட்கள் பின்வரிசையில் இருப்பார்கள்; நான் தண்ணீர் கேட்பேன். முன்பு பொய் சொன்னாயா என்பார்கள். சொன்னேன் என்பேன். நானும் அவளுக்குத்தான் வாக்களித்தேன் என்பேன். பிறகு கையை நீட்டி, அவன் முகத்தைப் பார்த்து, அவன் பெயரைச் சொல்வேன். அதைச் சொல்லாமல் அக்கா முகத்தில் விழிக்க மாட்டேன்.

உங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டின் கடைசிப் பிள்ளை,
ராமநாதன்