அப்பாவின் புதுக் கண்ணாடி

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. காரணம் அப்பாவின் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

கூலிங் கிளாஸ் போடுபவர்களைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. அதனால்தான் கண்ணாடிக் கடைக்காரரிடம் ரகசியமாக, வெயிலில் கறுக்கும் லென்ஸைப் போடச் சொன்னேன். மூன்று நாளாக, தனக்கே தெரியாமல், அருள்புரம் ரோட்டில் வில்லனாக வண்டி ஓட்டுகிறார். "புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வெயிலே உறைக்கல கண்ணு" என்று என்னிடமே பாராட்டு வேறு. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

இன்று சிரிப்பு நின்றுவிட்டது. பனியன் கம்பெனியில் துணிகளின் ஷேடு, அதாவது நிறம், ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அப்பாவின் வேலை. டியூப்லைட்டை நம்ப மாட்டார். காலர் துணியையும் உடம்புத் துணியையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் வைத்துத்தான் பார்ப்பார். நேற்றும் அப்படிப் பார்த்துத்தான் ஓகே சொன்னார். இன்று தைத்து வந்ததில் காலர் ஒரு பச்சை, உடம்பு ஒரு பச்சை.

"எனக்குக் கண்ணு போச்சு புள்ள. நாளைக்கு மேனேஜர்கிட்டச் சொல்லிட்டு செக்கிங்கை விட்டுடறேன்" என்றார் அம்மாவிடம்.

"ஏனுங்க, ஒரு காலருக்கா இந்தப் பேச்சு?"

"இந்தக் கண்ணை நம்பித்தான புள்ள லாரியே கிளம்புது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "அப்பா, கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று தொடங்கியவன், பாதியில் தண்ணீர் குடித்தேன். கறுத்தது கண்ணாடி, வெளுத்தது என் சாயம்.

முன் அறையில் விளக்கு எரிகிறது. இரண்டு துணியையும் மடியில் வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போய்ச் சொல்லிவிடுகிறேன். திட்டட்டும், அடிக்கட்டும். அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.