எலிக்கெல்லாம் ஃபேனா

சித்திரை 12, செவ்வாய்.

மேல ஏலத்தோட்டத்துல களை எடுக்கையில சாரல் விழுந்துச்சு. மத்தவங்களுக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை. கீழ போடி வெயில்ல, தகரம் போட்ட வீட்டுல, வாலில்லாத பெரிய எலி மாதிரி இருக்குற என் ரெண்டு கினி பன்னிகளும் வெந்துக்கிட்டுக் கிடக்குமே! போன் போடலாம்னா டவர் இல்ல.

இன்னைக்கு லீவுல இருந்த வீட்டுக்காரர்கிட்ட காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "ஃப்ரீசர்ல ஐஸ் பாட்டில் இருக்கு. துணியில சுத்தி மத்தியானம் கூண்டுக்குள்ள வைங்க."

"எலிக்கெல்லாம் ஐஸா?"ன்னு சிரிச்சாரு மனுசன்.

சாயங்காலம் ஜீப்ப விட்டு இறங்கி ஓட்டமா வந்தேன். வாசல்லயே பாட்டில் காலியா உருண்டு கிடந்துச்சு. வந்த கோவத்துல கத்திக்கிட்டே உள்ள போனா, கூண்டு மேல ஈரச்சாக்கு, அதுக்கு நேரா எங்க வீட்டு ஒத்த ஃபேன். ரெண்டும் வெள்ளரிக்காயக் கடிச்சுக்கிட்டு இருக்குதுக. இவரு வேர்த்து ஒழுக, அட்டையால தனக்கு விசிறிக்கிட்டு உக்காந்திருக்காரு.

"ஐஸ் உருகவும் தாகத்துல நானே குடிச்சுப்புட்டேன்டி. அப்புறம் அதுக மூச்சு வாங்கவும் பயந்துட்டேன்."

இப்பப் படுக்குறப்போ ஃபேன இந்தப் பக்கம் திருப்பப் போனேன். தூக்கத்துலயே கையப் பிடிச்சுக்கிட்டாரு.

"பிள்ளைக பக்கமே இருக்கட்டும்."

பிள்ளைகளாம்! சிரிப்ப அடக்க முடியல. வேர்வை சொட்டி எழுத்தெல்லாம் அழியுது