இரண்டாவது கொன்ட்ரோலைப் பிடித்தது யார்?

இஞ்சாருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் மாட்டேன். நீங்கள் கண்மூடி வருஷம் ஒன்றாகிறது; ஆட்டைத் திவச மலருக்கு உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல வார்த்தையைப் பிறகு பார்ப்போம். முதலில் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஊரும் வாசிக்கப்போகிறது, வாசிக்கட்டும்.

நம்முடைய சின்னவன் கனடாவிலிருந்து வந்திருக்கிறான். பேரப்பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு கேம் பெட்டி கொண்டுவந்தான். முன்பு உங்களுக்கு அனுப்பிய கறுப்புப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகப்போகிறானாம். அங்கே பழையதைத் தேடிச் சேர்க்கிற ஆட்கள் இருக்கிறார்களாம். புதியதைத் தந்துவிட்டுப் பழையதை யாராவது ஆசையாகக் கேட்பார்களா? "எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டிப்போட்டுக் கொண்டுபோ" என்றேன்.

அந்தப் பெட்டியில் எனக்குச் சந்தேகம் இன்று வந்ததல்ல. வாழைக்குத் தண்ணீர் கட்டிக் களைத்து வந்த மனிதர் ரீவிக்கு முன்னால் குந்திக் கிரிக்கெட் விளையாடினால் எனக்கென்ன? ஆனால் கையில் பிடித்து விளையாடுகிற கொன்ட்ரோல் இரண்டு. இரண்டிலும் பொத்தான் தேய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் கோயிலால் வரும்போது தேத்தண்ணிக் கோப்பை இரண்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். கலியாணம் கட்டிய நாள் முதல் ஒரு கோப்பை கழுவாத மனிதர் நீங்கள். கேட்டதற்கு, "ரண்டு தரம் குடிச்சனான்" என்றீர்கள். அதற்கு எதற்கு இரண்டு கோப்பை?

சின்னவன் பெட்டியைப் போட்டான். முடியாமல் நின்ற ஒரு மட்ச் வந்தது. அவனுடைய முகம் மாறியது.

"அம்மா, உது ரண்டு பேர் விளையாடினது. ஒரு பக்கம் அப்பான்ரை பேர். மற்றப் பக்கம்..."

"சொல்லு."

"கணபதிப்பிள்ளை எண்டு கிடக்கு."

பக்கத்து வளவுக் கணபதிப்பிள்ளை. நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது, வேலிக் கதியாலை எங்கள் பக்கம் தள்ளி நட்டு வைத்திருந்தவர். என் முருங்கை அவருடைய வளவுக்குள் நின்றது. அன்றைக்கே, இரண்டு வீட்டாரும் வந்துபோன வேலி இடைவெளியை, அந்தப் பொட்டை, அடைத்தேன். நீங்கள்தானே கம்பி பிடித்துத் தந்தீர்கள். அந்தக் கையாலா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினீர்கள்? சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்தான். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

வேலியடிக்குப் போய்ப் பார்த்தேன். வாழைகளுக்குப் பின்னால் வேலியில் ஒரு தென்னோலைக் கிடுகு கட்டாமல் சும்மா சாத்தியிருந்தது. புல் முளைத்தும் ஒற்றையடித் தடம் தெரிந்தது. உங்கள் செத்தவீட்டன்று அவர் உள்ளே வராமல் அந்த இடத்தில்தான் நின்றார். வேலியை அளக்கிறார் என்று நினைத்தேன். வேறு எதை நினைக்க?

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

"ஆர் வெல்லுற நிலையிலை கிடக்கு?"

எதைக் கேட்கிறேன் என்று மனிதருக்கு உடனே விளங்கிவிட்டது.

"நான்தான், தங்கச்சி. அவர் தோக்கப்போறார் எண்டால் கறண்ட் போயிட்டுது எண்டு நிப்பாட்டிப்போடுவார்."

தங்கச்சியாம். பெட்டி இன்னும் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

மட்சைப் புதிய பெட்டிக்கு மாற்றித் தா என்று சின்னவனைக் கேட்டேன்.

"ஏலாதம்மா. அந்த வரிசையிலை உது ரண்டாவது பெட்டி. நான் கொண்டந்தது அஞ்சாவது. அதுக்குக் கிரிக்கெட்டும் வேறை பாகம். உதிலை கிடக்கிறது உதோடைதான்."

பெட்டி போனால் உங்கள் ஆட்டமும் போகும். எங்கோ ஒருவன் அதை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதுவான்.

பெட்டி இங்கேதான் இருக்கும். சின்னவன் முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறான், திரியட்டும். கிடுகையும் இறுக்கிக் கட்டிவிட்டேன். திவசம் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை கணபதிப்பிள்ளை ஒழுங்கையால் சுற்றி, ஊர் பார்க்க, படலையைத் திறந்துகொண்டு வரட்டும். உங்கள் பக்கத்துக்கு நான் விளையாடுவேன். பேத்தியிடம் பொத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். வெல்லுவேனோ தெரியாது. ஆட்டத்தை முடித்துவைப்பேன், இது சத்தியம். அந்த மனிதரை மன்னிப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் மாமன் மகளும் மனைவியுமான,
பரமேஸ்வரி