கேசட்டில் ஏறிய குடும்பக் கதை

கோபித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆத்தா வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் மகாராணிக்கு,

சத்தியமாய் அது உன் கதை இல்லை. காலேஜ் பிள்ளைகள் ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில், இல்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு ஜோடித்துக் கண்காட்சி வைக்கிறார்கள். வருகிறவர்கள் டேப் ரிக்கார்டரைத் தட்டினால் அந்தக் குடும்பத்தின் கதை கேட்கும். அதில் புருஷன் பேசுவதை என்னைக் கற்பனையாய்ச் சொல்லச் சொன்னார்கள். நாய்க்குக் கறியும் புருஷனுக்கு வெறும் குழம்பும் ஊற்றுகிற பொண்டாட்டி என்று அவிழ்த்துவிட்டேன். கேட்ட தெருவே, "ஏலே, இது நம்ம நாகஜோதில்லா!" என்று சிரிக்கும் என்று கண்டேனா?

இப்போது பிள்ளைகள், "அண்ணாச்சி, அக்கா பதில் சொன்னாத்தான் கதை முடியும்" என்கிறார்கள்.

வந்து மைக்கில் என்னை ஆசைதீர ஏசிவிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்துவிடு. கேசட் ஒரு பக்கம் முப்பது நிமிஷம்தான் ஓடும். உனக்குக் காணாதென்று எட்டு கேசட் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏச்சு வாங்கக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்